பட்டா நிலமும் பொதுக் காடும்

குறிஞ்சி நிலத்து வாழ்வைப் பாடிய சங்கச் சான்றோர் தினைப்புனக் காவலைப் பாடாது விட்டதில்லை. பகலில் தட்டையும் தழலும் குளிரும் கொண்டு கிளி ஓட்டிய மகளிரையும், இரவில் பரண்மீது தீப்பந்தமும் கவணுமாக விழித்திருந்து யானையை விரட்டிய கானவரையும் நாம் பாடநூல்களில் கண்டு மகிழ்கிறோம். அவர்கள் விலங்குகளைக் கொல்லாமலே வாழ்ந்தனர் என்று கூறிவிட முடியாது. 'அடார்' என்னும் கற்பொறியும் அக்காலத்தில் இருந்தது. தினையைத் தின்ன வரும் பன்றிக்காகப் புனவன் வைத்த அடாரில் பன்றி தப்பிப் புலி அகப்பட்டதாக நற்றிணைப் பாட்டொன்று கூறுகிறது. புனம் அவனுடையது, பொறியும் அவனுடையது. ஆயினும், மாண்ட புலி அவனுடையதன்று; அது மலைக்கும் காட்டிற்கும் உரியது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் புலவர் கண்ட இக்காட்சி இன்றும் நம் மலைகளில் நடந்துகொண்டிருக்கிறது. தம் சொந்த நிலத்தில் ஒருவர் போடும் வேலியும், வைக்கும் கண்ணியும், எழுப்பும் மதிலும் அவர் நிலத்தோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்திலுள்ள பொதுக் காட்டின் உயிர்களையும் அவை பாதிக்கின்றன. ஆகவே, 'என் நிலம், என் விருப்பம்' என்னும் வாதம் காட்டோரத்தில் செல்லுமா என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் வினா.

கோடு யாருக்கு?

பத்திரத்தில் எல்லை எழுதுகிறோம்; நில அளவையர் வந்து கல் நடுகிறார். இந்தக் கற்களை மனிதர் அறிவர், யானை அறியுமா? நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனம் தேடித் திரியும் பேருயிர் அது. ஒரே காட்டில் ஆண்டு முழுவதும் தங்கினால் அதற்கும் உணவில்லை, காட்டிற்கும் வாழ்வில்லை. எனவே மழைக்கும் கோடைக்கும் ஏற்ப ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டிற்கு அது பெயர்ந்து செல்கிறது. தாய்யானை காட்டிய வழியைக் கன்று கற்கிறது. அந்தக் கன்று தாயானதும் தன் கன்றுக்குக் காட்டுகிறது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக வந்த பாதைகளையே இன்று யானை வழித்தடங்கள் என்கிறோம்.

நீலகிரியின் வடசரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிற்கும் இடையே அமைந்த சீகூர்ப் பீடபூமி இத்தகைய தடங்களுள் தலையாயது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும் கைகோக்கும் இடம் அது. ஒருபுறம் முதுமலையும் பந்திப்பூரும், மறுபுறம் சத்தியமங்கலம். இரண்டும் அரசு காக்கும் பொதுக் காடுகள். ஆயின், இவற்றை இணைக்கும் குறுகிய நிலத்தில் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் முதலிய ஊர்களும் அவற்றைச் சுற்றிப் பட்டா நிலங்களும் உள்ளன. இரு பெரிய அறைகளைச் சேர்க்கும் சிறிய வாயில் போன்றது இந்நிலம். வாயிலை அடைத்தபின் அறைகள் எவ்வளவு பெரியனவாக இருந்து என்ன பயன்?

கடந்த சில பத்தாண்டுகளில் இங்குள்ள பட்டா நிலங்கள் பல கை மாறின. மானாவாரிப் பயிர் விளைந்த இடங்களில் சுற்றுலா விடுதிகள் எழுந்தன. விடுதிகளைச் சுற்றி மின்வேலிகள் எழுந்தன. விலைக்கு வாங்கியவர் தம் நிலத்துக்கு வேலி இட்டதாகவே எண்ணினார். யானைக்கோ அது தன் பாட்டி நடந்த வழியில் எழுந்த சுவராயிற்று.

சீகூர் வழக்கும் தீர்ப்பும்

இச்சிக்கல் நீதிமன்றம் சென்றது. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமிழ்நாடு அரசு சீகூர் யானை வழித்தடத்தை அறிவிக்கை செய்தது. 2011-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ஏற்று, வழித்தட நிலங்களை ஒப்படைக்குமாறு பணித்தது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2018-இல் உரிய ஒப்புதலின்றி இயங்கிய விடுதிகளுக்கு முத்திரை வைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இறுதியாக, 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் உயர் நீதிமன்றத் தீர்ப்பை அது உறுதி செய்தது. நில உரிமையாளரின் தனித்தனி முறையீடுகளை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழுவும் அமைக்கப்பெற்றது.

இத்தீர்ப்பின் உட்பொருளை நாம் நன்கு உணர வேண்டும். சொத்துரிமை இல்லை என்று நீதிமன்றம் கூறவில்லை. சொத்துரிமைக்கு அப்பாலும் ஒரு பொறுப்பு உண்டு என்பதையே அது காட்டியது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தத்தால் நம் அரசமைப்பில் சேர்ந்த 48அ பிரிவு காட்டையும் காட்டுயிர்களையும் காக்கும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. 51அ பிரிவு உயிர்களிடத்து இரக்கம் காட்டும் கடமையைக் குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் விதிக்கிறது. உரிமையைப் பட்டா தருகிறது; கடமையை அரசமைப்பு தருகிறது. ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுதல் முறையாகுமா?

துப்பாக்கி இல்லாத வேட்டை

வேட்டை என்றதும் தோளில் துப்பாக்கி தொங்கும் வெள்ளைக்கார துரையே நம் நினைவிற்கு வருகிறார். நீலகிரியில் அவ்வாறான காலம் ஒன்று இருந்தது உண்மை. கட்டற்ற வேட்டையால் விலங்குகள் அருகிப்போன பின், வேட்டையாடியோரே அஞ்சி, 1877-இல் ஒரு சங்கம் அமைத்தனர். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1940-இல் முதுமலை சரணாலயமாயிற்று. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், பட்டியலிட்ட காட்டுயிர்களை இசைவின்றி வேட்டையாடுவது, அரசுக் காட்டிலாயினும் சொந்த நிலத்திலாயினும், குற்றமாயிற்று.

அச்சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கம் நம்மில் பலர் அறியாதது. சுட்டுக் கொல்வது மட்டும் வேட்டையன்று. நஞ்சு வைத்தல், கண்ணி வைத்தல், பொறியில் பிடித்தல், துரத்துதல், இரை காட்டி ஈர்த்தல் ஆகிய யாவும் வேட்டையே. இவற்றுக்கு முயல்வதும் வேட்டையே. இந்த விளக்கத்தைக் கையிற்கொண்டு நம் காட்டோரத் தோட்டங்களைச் சுற்றி வந்தால் என்ன காண்போம்? தேயிலைச் செடிகளுக்கிடையே பன்றிக்கெனக் கட்டிய கம்பிக் கண்ணியில் சிறுத்தை கழுத்து இறுகிக் கிடக்கும். பன்றிக்கென வைத்த 'அவுட்டுக்காய்' என்னும் நாட்டு வெடி யானையின் வாயில் வெடிக்கும். நற்றிணைப் புனவனின் அடார் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. உருவம் மட்டுமே மாறியிருக்கிறது.

2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிர்க்காவலுக்கென முறைகேடாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் மாண்டன. அவற்றோடு வந்த இரு குட்டிகள் உயிர் பிழைத்து, விழுந்து கிடந்த பெரியவற்றை விட்டு அகலாமல் நின்றன. 2021-ஆம் ஆண்டு சனவரியில் மசினகுடி அருகே விடுதிப் பக்கம் வந்த யானையின்மீது எரியும் பொருள் வீசப்பட்டது. காதும் தலையும் தீய்ந்த அந்த யானை, சிகிச்சைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே இறந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் துப்பாக்கி இல்லை. இரண்டும் நடந்தது தனியார் இடத்தில். ஆயினும் இழப்பு பொதுக் காட்டிற்கு. அதாவது நம் அனைவர்க்கும்.

வேட்டையைத் தொழிலாகக் கொண்டவனைக் காவலர் தேடிப் பிடிக்கலாம். வேலியைப் போட்டுவிட்டு வீட்டில் உறங்குபவரை வேட்டைக்காரர் என்று ஊர் அழைப்பதில்லை. அவரும் தம்மை அவ்வாறு கருதுவதில்லை. பெரிய தீங்கு இங்கேதான் மறைந்திருக்கிறது.

கடல் கடந்த ஒரு பாடம்

வேட்டை முற்றிலும் தடை செய்யப்பட்டமையால்தான் இச்சிக்கல் எழுந்தது என்று சிலர் எண்ணலாம். வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்டுள்ள நாட்டில் நிலைமை என்ன என்பதையும் பார்ப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு மாநிலங்களில் பரந்த நிலம் நடுவண் அரசின் உடைமை. குடிமக்கள் உரிமம் பெற்று, குறித்த பருவத்தில் அங்கு வேட்டையாடலாம். காட்டு விலங்குகள் எவருக்கும் தனிச் சொத்தல்ல, மக்கள் சார்பில் மாநிலம் காப்பவை என்பது அந்நாட்டுச் சட்டக் கொள்கை. ஆயினும் நடப்பில் பொதுநிலத்து வேட்டையின் போக்கைப் பக்கத்துப் பண்ணையாரே பெரிதும் முடிவு செய்கிறார். வேட்டைப் பருவம் தொடங்கியதும் 'எல்க்' என்னும் பெருமான்கள் பொதுநிலத்தை விட்டு, வேட்டைக்கு இடந்தராத தனியார் பண்ணைகளுக்குள் சென்று தங்கிவிடுகின்றன. அங்கே கூட்டம் பெருகி, அண்டைப் பண்ணைகளின் வைக்கோலையும் வேலியையும் அழிக்கின்றன. பொதுநிலத்தில் உரிமத்தோடு நிற்பவருக்கோ மான் இல்லை. மந்தையின் தொகையைச் சமன்செய்ய அரசு வகுக்கும் திட்டமும் பயனற்றுப் போகிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை நிறுவனங்களுக்கு அரசு நிலம் வழங்கியபோது, சதுரங்கப் பலகையின் கறுப்பும் வெள்ளையும் போல ஒரு கட்டம் தனியாருக்கு, அடுத்த கட்டம் அரசுக்கு எனப் பிரித்தனர். இதனால் அரசுக் கட்டத்திலிருந்து மற்றோர் அரசுக் கட்டத்திற்கு மூலைவழியே கால் வைத்துத்தான் செல்ல இயலும். 2021-இல் வயோமிங் மாநிலத்தில் வேட்டைக்காரர் நால்வர் ஏணி ஒன்றைச் சாய்த்து, தனியார் மண்ணில் கால் படாமல் அவ்வாறு ஒரு மூலையைக் கடந்தனர். பண்ணை உரிமையாளர் வழக்காடினார். 2022-இல் நடுவர் குழு நால்வரையும் குற்றமற்றவர் என விடுவித்தது. உரிமையாளர் தொடுத்த உரிமையியல் வழக்கும் 2023-இல் நடுவண் நீதிமன்றத்தில் தோற்றது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

அங்கு மனிதர் வேட்டையாடும் வழி அடைபட்டது. இங்கு யானை வாழும் வழி அடைபட்டது. சட்டங்கள் வேறு, பழக்கங்கள் வேறு. ஆயினும் இரு நாடும் கற்றுத்தரும் பாடம் ஒன்றே: பொதுநிலத்தின் பயன் அதைச் சூழ்ந்த தனியார் நிலத்தின் நடைமுறையைச் சார்ந்தே நிற்கிறது.

காத்த கைகளும் உண்டு

தனியார் கை பட்டால் காடு அழியும் என்று பொதுப்படக் கூறுவது நீதியாகாது. சங்க நூல்கள் 'வருடை' என்று குறிப்பிடும் வரையாடு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அவ்வினத்தின் மிகப்பெரிய கூட்டம் கேரளத்தின் இரவிகுளத்தில் வாழ்கிறது. அது எவ்வாறு பிழைத்தது? அந்தப் புல்மேடு 1971 வரை கண்ணன் தேவன் மலையின் தேயிலைத் தோட்ட நிருவாகத்திடம் இருந்தது. தோட்டத்து அதிகாரிகள் அதைத் தம் வேட்டைக்காடாக வைத்திருந்தனர். வேட்டை தொடர வேண்டுமாயின் விலங்கு வாழ வேண்டும் என்பதை உணர்ந்து, வேட்டையை அளவோடு நிறுத்தினர். முதுவர் குலத்தாரைக் காவலர்களாக அமர்த்தினர். புல்மேட்டைத் தேயிலையாக்காமல் விட்டனர். அரசு அந்நிலத்தை மீட்டபின் அது 1975-இல் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. தனியார் காத்து வைத்ததையே அரசு பொதுவுடைமையாகப் பெற்றது.

வால்பாறையும் எண்ணத்தக்கது. ஆனைமலைக் காடுகள் சூழ, ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் தேயிலை, காப்பித் தோட்டங்கள் அமைந்த மேட்டு நிலம் அது. தோட்டங்களுக்கிடையே ஆற்றோரங்களிலும் சரிவுகளிலும் எஞ்சிய சோலைத் துண்டுகளே யானைக்கும் சிங்கவால் குரங்குக்கும் புகலிடம். சில தோட்டங்கள் ஆய்வாளரோடு இணைந்து அத்துண்டுகளில் மண்ணுக்குரிய மரங்களை மீண்டும் வளர்த்துள்ளன. யானை எங்கே நிற்கிறது என்பதைக் கைப்பேசிச் செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் தொழிலாளர்க்கு முன்கூட்டி அறிவிக்கும் ஏற்பாடும் அங்குள்ளது. யானையும் பிழைக்கிறது, இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் தொழிலாளியும் பிழைக்கிறார்.

உழவரின் கண்ணீரையும் காண்போம்

இதுகாறும் கூறியதைக் கேட்டு, காட்டோரத்து உழவர் நம்மை நோக்கி, "நகரத்தில் இருந்துகொண்டு யானைக்குப் பரிந்து பேசுகிறீர்கள், ஓராண்டு உழைப்பு ஓரிரவில் அழிவதைக் கண்டிருக்கிறீர்களா?" என்று வினவக்கூடும். அவ்வினா நேர்மையானது. கடன் வாங்கி இட்ட வாழையும் கரும்பும் மிதிபட்டுக் கிடப்பதைப் பார்ப்பவர் துயரத்தை எந்தக் கட்டுரையும் ஆற்றாது. யானையால் உயிரிழந்தோர் குடும்பங்களின் துயரம் அதனினும் பெரிது.

எனவே கடமை முழுவதையும் ஏழை உழவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. காடு அனைவர்க்கும் பொது எனில், அதைக் காக்கும் செலவும் அனைவர்க்கும் பொது. பயிரிழப்புக்கு உரிய ஈடு காலம் தாழ்த்தாது உழவர் கைக்குச் சேர வேண்டும். காலந்தாழ்ந்து வரும் ஈட்டுத்தொகையே பல இடங்களில் மின்கம்பியாக மாறுகிறது என்பதை அதிகாரிகள் உணர்தல் வேண்டும். பொழுதுபோக்குக்கென மலையில் நிலம் வளைத்தவரையும் வயிற்றுக்கென நிலம் உழுபவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. முன்னவரிடம் கண்டிப்பும் பின்னவரிடம் பரிவும் வேண்டும்.

அரசும் சில படிகள் நடந்திருக்கிறது. 2023-இல் வந்த மின்வேலி விதிகள், காப்புக் காடுகளை அடுத்த நிலங்களில் வேலி அமைக்கப் பதிவையும் இசைவையும் கட்டாயமாக்கின. உயிரைப் பறிக்காமல் அதிர்ச்சி மட்டும் தரும் சூரிய மின்வேலிக்கும், வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சும் கொலைவேலிக்கும் உள்ள வேறுபாட்டை அவை வரையறுத்தன. 2025-ஆம் ஆண்டு சனவரியில் காட்டுப் பன்றி பற்றிய முடிவும் அறிவிக்கப்பட்டது. காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்பது அதன் சாரம். காட்டுக்கு அருகே செல்லச் செல்ல நிலக்காரரின் பொறுப்பு கூடுகிறது என்னும் கொள்கையை இதில் காண்கிறோம்.

நாம் செய்யத்தக்கன

நம் சமுதாயப் பெரியோருள் மலைப்பகுதியில் தோட்டமும் மனையும் உடையோர் உளர். இனி வாங்க எண்ணுவோரும் உளர். வாங்குமுன் பத்திரத்தில் வில்லங்கம் பார்ப்பது போல, அந்நிலத்தில் யானையின் தடம் உண்டா என்பதையும் ஊர்ப் பழங்குடியினரிடம் கேட்டறிதல் நலம். ஏற்கெனவே நிலம் உடையோர், ஓடை ஓரத்தையும் சரிவையும் வேலியின்றி விட்டுவைக்கலாம். தோட்டத்தில் எவரேனும் கண்ணி கட்டுகின்றனரா என்று திங்களுக்கு ஒருமுறையேனும் தேடி அகற்றச் செய்யலாம். 'நான் வைக்கவில்லை, என் வேலையாள் வைத்தான்' என்பது விடையாகாது.

சுற்றுலாவாக உதகைக்கும் மசினகுடிக்கும் செல்லும் மாணவர், தாம் தங்கும் விடுதி முறையான ஒப்புதல் பெற்றதா என்று கேட்கும் வழக்கத்தைத் தொடங்கலாம். வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை. இரவில் விலங்கு காட்டுகிறேன் என்று அழைக்கும் ஊர்திகளில் ஏறாதிருப்பதும் ஒரு தொண்டே.

ஆசிரியப் பெருமக்கள் குறிஞ்சித்திணையை நடத்தும்போது, முதற்பொருள், கருப்பொருள் என மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், அக்கருப்பொருள்களாகிய யானையும் வருடையும் புலியும் இன்று எந்நிலையில் உள்ளன என்பதையும் கூறலாம். திணை என்பது நிலத்தின் பெயர் மட்டுமன்று; நிலமும் உயிரும் மனிதரும் கூடி வாழும் ஒழுக்கத்தின் பெயர் என்பதை இளைய தலைமுறை அப்போது உணரும்.

பட்டா நம் பெயரில் இருக்கலாம். நமக்குப்பின் மக்கள் பெயருக்கும், வாங்குவோர் பெயருக்கும் மாறலாம். அந்நிலத்தின் வழியே போகும் யானையின் தடமோ பத்திரம் எழுதுவதற்கு முன்பே அங்கிருந்தது. அதை அடைப்பதற்கு விலை கொடுத்த உரிமை போதாது. நம் எல்லைக் கல்லுக்கு இப்பால் நாம் செய்வது அப்பாலுள்ள காட்டை வாழவைக்கவும் கூடும், வீழ்த்தவும் கூடும் என்பதை நினைவில் நிறுத்துவோம். புனவனின் பொறியில் மீண்டும் ஒரு புலி விழாதிருக்க, நம் புனங்களை நாமே முதலில் சென்று பார்ப்போம்.